தற்காலிகப் பட்டாசுக் கடை: இடம் பார்ப்பது முதல் மிச்சச் சரக்கைத் திருப்புவது வரை

தீபாவளிக்குப் பத்துப் பதினைந்து நாள் பட்டாசுக் கடை போட்டால் நாலு காசு பார்க்கலாம் என்று ஒவ்வொரு வருஷமும் புதிதாகச் சிலர் இறங்குகிறார்கள். அவர்களில் பலர் முதலில் சிவகாசிக்குப் போய்ச் சரக்குக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் கடைக்கு இடம் தேடுகிறார்கள். உரிமம் என்ற நினைப்பு கடைசியாகத்தான் வருகிறது. இந்த வரிசைதான் அவர்களைக் கவிழ்க்கிறது. இடம் சரியில்லை என்று மனு தள்ளுபடியானால், கொடுத்த அட்வான்ஸும் போய், வந்து இறங்கிய சரக்கை வைத்திருப்பதே குற்றமாகிவிடும்.

அதனால் இங்கே இடம் முதலில், காகிதம் அடுத்து, பணம் கடைசியில். தமிழ்நாட்டில் தற்காலிக உரிமம் எடுத்துச் சில்லறை விற்பனை செய்பவர்களுக்காக எழுதியது இது. நிரந்தரக் கடைக்கும் குடோனுக்கும் விதிகள் வேறு.

1. எந்த அலுவலகம், எந்தத் தேதி

பட்டாசு விற்பனைக்கு அடிப்படை 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளும். இரண்டும் மத்திய அரசுடையவை. பெரிய ஆலை, பெரிய குடோன் என்றால் பெசோ என்று எல்லோரும் சொல்கிற மத்திய வெடிபொருள் துறையிடம் போக வேண்டும். தீபாவளிக் கடை அளவுக்கு அந்த அதிகாரம் மாவட்ட நிர்வாகத்திடமே இருக்கிறது. மனு கலெக்டர் அலுவலகத்துக்குப் போகும். போலீஸ் கமிஷனர் உள்ள மாநகரங்களில் மட்டும் கமிஷனர் அலுவலகம் தரும்.

எல்லையில் இருப்பவர்கள்தான் இங்கே குழம்புகிறார்கள். தாம்பரம் பக்கம் ஒரு கடை, மாவட்டத்தைப் பார்த்தால் செங்கல்பட்டில் இருக்கும். காவல் நிலையமோ தாம்பரம் கமிஷனர் கட்டுப்பாட்டில் இருக்கும். உங்கள் கடை எந்தக் காவல் நிலையத்தில் வருகிறது, அது யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதை முதலில் கேளுங்கள். தப்பான அலுவலகத்தில் கொடுத்த மனு சுற்றி வருவதற்குள் கடைசித் தேதி போய்விடும்.

கடைசித் தேதி என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் பத்திரிகைச் செய்தியாக வெளியிடுவார்கள். ‘போன வருஷம் இந்தத் தேதி’ என்ற கணக்கு உதவாது. 2025-இல் தீபாவளி அக்டோபர் 20. 2026-இல் நவம்பர் 8. கிட்டத்தட்ட மூன்று வாரம் தள்ளிப் போகும்போது மனுத் தேதியும் நகரும். கெடு முடிந்தபின் வரும் மனுக்களை வாங்குவதில்லை என்று அறிவிப்பிலேயே எழுதிவிடுகிறார்கள், அதில் கறாராகவும் இருக்கிறார்கள்.

2. இடம்

மொத்த வேலையில் பாதி இதுதான். நேரம் இருக்கிற ஜூலை, ஆகஸ்டிலேயே டேப் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

திறந்த மைதானத்தில் கொட்டகை போட்டு விற்பது ஒரு வகை. சென்னைத் தீவுத்திடல் கடைகளை நினைத்துக்கொள்ளுங்கள். இதற்கு 2008 விதிகளில் 84-ஆம் விதி அளவு சொல்கிறது. கொட்டகை எளிதில் தீப்பிடிக்காத பொருளில் இருக்க வேண்டும். இரண்டு கொட்டகைக்கு நடுவே குறைந்தது 3 மீட்டர். பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடங்களிலிருந்து 50 மீட்டர். வீடு, பள்ளி, மருத்துவமனை, கோயில் எல்லாம் இதில் அடங்கும். கடைகள் ஒன்றை ஒன்று பார்த்தபடி இருக்கக் கூடாது. ஒரு தொகுப்பில் 50 கடைக்கு மேல் கூடாது.

எதிர் எதிராக வைக்காதே என்பதைத்தான் புதியவர்கள் வேண்டாத கெடுபிடி என்று நினைக்கிறார்கள். கடைவீதி என்றாலே இரண்டு பக்கமும் கடை, நடுவில் ஜனம் என்று பழகிய கண் நமக்கு. ஒரு கடையில் தீப்பிடித்தால் ராக்கெட்டும் ஷாட்டும் வாசல் வழியாகத்தான் சீறி வெளியே வரும். எதிரே இன்னொரு வாசல் திறந்திருந்தால் நேராக அதற்குள் போகும். நடுவில் மாட்டுவது வாங்க வந்தவர்கள். 3 மீட்டர் இடைவெளியும் அப்படித்தான். அங்கே காலி அட்டைப்பெட்டியை அடுக்கிவைத்துவிட்டால் இடைவெளி விட்டதற்கே அர்த்தம் இல்லை.

இன்னொரு வகை, சிறு ஊர்களில் அதிகம் பார்ப்பது, ஏற்கெனவே இருக்கிற ஒரு கட்டடக் கடையைப் பதினைந்து நாளைக்கு வாடகைக்கு எடுப்பது. நிரந்தரப் பட்டாசுக் கடைகளுக்கான 83-ஆம் விதியை அதிகாரிகள் இதற்கு அளவுகோலாகக் கையில் வைத்துக்கொண்டு வருவார்கள் என்று எண்ணியே இடம் பாருங்கள். செங்கல், கல் அல்லது கான்கிரீட் கட்டடம். தரைத்தளம் மட்டும், பேஸ்மென்ட் கிடையாது. மேலே ஆள் குடியிருக்கக் கூடாது. மாடிப்படிக்கும் லிஃப்டுக்கும் கீழேயோ பக்கத்திலேயோ இருக்கக் கூடாது. தளப் பரப்பு 9 சதுர மீட்டருக்குக் குறையாமலும் 25 சதுர மீட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும். வெளியேற இன்னொரு வழி வேண்டும், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். எரியக்கூடிய, அபாயமான பொருள் வைத்திருக்கும் இடத்திலிருந்து 15 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

மேலே வீடு, கீழே கடை. நம் ஊர்க் கடைத்தெரு முழுக்க இப்படித்தான். முதல் சுற்றிலேயே பத்தில் எட்டு இடம் கழிந்துவிடும், சோர்ந்துபோகாதீர்கள். வாடகை பேசும்முன் இதைப் பார்த்துவிட்டால் நஷ்டம் வெறும் நடைதான்.

இடத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள். பக்கத்தில் பேக்கரி, டீக்கடை, ஓட்டல் இருந்தால் அங்கே சிலிண்டர் இருக்கும். 2021 அக்டோபரில் சங்கராபுரத்தில் பட்டாசுக் கடைத் தீ பக்கத்து பேக்கரியின் சிலிண்டர்களுக்குத் தாவி அவை வெடித்ததில் சேதம் பல மடங்கானது. வெல்டிங் பட்டறை, பெட்ரோல் பங்க், டிரான்ஸ்பார்மர், தலைக்குமேல் போகும் மின்கம்பி இதெல்லாம் கண்ணில் படும். படாமல் போவது ஒன்று உண்டு: சாயங்காலம் மட்டும் வந்து நிற்கிற இஸ்திரி வண்டி, பஜ்ஜி வண்டி. அதனால் காலையில் ஒரு தடவை, விளக்கு வைத்தபின் ஒரு தடவை போய்ப் பாருங்கள். அப்புறம், தீயணைப்பு வண்டி திரும்பி நிற்கிற அளவுக்குத் தெரு அகலமா என்றும் பாருங்கள். ஆய்வுக்கு வருகிற தீயணைப்பு நிலைய அலுவலர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

3. காகிதங்கள்

இடம் உறுதியானதும் இவற்றைச் சேருங்கள். ஏஇ-5 படிவத்தில் விண்ணப்பம். பாஸ்போர்ட் அளவு புகைப்படம். ஆதார், பான், ரேஷன் கார்டு போன்ற அடையாள, முகவரிச் சான்று. இடம் சொந்தம் என்றால் பத்திர நகல். வாடகை என்றால் உரிமையாளரின் பத்திர நகலோடு முத்திரைத்தாளில் எழுதிய வாடகை ஒப்பந்தம். நடப்பு ஆண்டு சொத்துவரி கட்டிய ரசீது. உரிமக் கட்டணத்தை அரசுக் கணக்கில் கட்டிய சலான். கடையின் வரைபடம், பெரும்பாலும் ஆறு பிரதி கேட்பார்கள். உங்கள் மாவட்ட அறிவிப்பில் கூடுதலாக ஏதாவது இருந்தால் அதுவும்.

தடுக்கி விழுவது இரண்டு இடத்தில். ஒன்று, சொத்துவரி பாக்கி. கட்டட உரிமையாளர் இரண்டு வருஷமாக வரி கட்டாமல் இருப்பார். அது உங்களுக்குக் கடைசி நாளில்தான் தெரியும். ஒப்பந்தம் எழுதும் அன்றே ரசீதைக் கண்ணால் பாருங்கள். பத்திரம் ஒரு பெயரிலும் வரி இன்னொரு பெயரிலும் இருந்தால், அப்பா பெயரில் இருப்பதை மகன் வாடகைக்கு விட்ட கதைதான்; பத்திரத்தில் உள்ளவர் கையெழுத்தையே வாங்குங்கள்.

இரண்டு, வரைபடம். கடைக்குள் அலமாரி எங்கே என்று அழகாக வரைந்து கொடுத்துவிட்டு, சுற்றுப்புறத்தை விட்டுவிடுவார்கள். அதிகாரிக்குத் தேவையானதோ சுற்றுப்புறம்தான். நான்கு திசையிலும் என்ன இருக்கிறது, எத்தனை மீட்டரில், சாலை எந்தப் பக்கம், எவ்வளவு அகலம், உள்ளே வரவும் வெளியேறவும் வழி எங்கே என்று அளவோடு குறித்திருக்க வேண்டும். நேரில் அளப்பார்கள். காகிதத்தில் 50 மீட்டர் என்று எழுதி, டேப்பில் 38 வந்தால் மனு அங்கேயே முடிந்தது.

விண்ணப்பிப்பவர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். வன்முறை சம்பந்தமான குற்றத்தில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தண்டனை பெற்றவர், தண்டனை முடிந்து ஐந்து ஆண்டு ஆகும்வரை வெடிபொருளை வைத்திருக்கவோ விற்கவோ வெடிபொருள் சட்டத்தின் 6ஏ பிரிவு தடுக்கிறது. யார் பெயரில் மனு போடுவது என்று குடும்பத்தில் பேசும்போது இதையும் நினைவில் வையுங்கள்.

4. மனுவும் கள ஆய்வும்

இப்போது பெரும்பாலான மாவட்டங்களில் இ-சேவை மையம் வழியாகத்தான் மனு. ஸ்கேன் மங்கலாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வரைபடத்தின் அளவெண்கள் திரையில் படிக்க முடிகிறதா என்று மையத்திலேயே நின்று பாருங்கள். ஒப்புகை எண்ணை வாங்காமல் நகராதீர்கள்.

மனு போனபின் வருவாய்த் துறை, காவல் துறை, தீயணைப்புத் துறை தனித்தனியே இடத்தைப் பார்த்து அறிக்கை தரும். மூன்று பேரும் ஒரே நாளில் வரமாட்டார்கள். கடை பூட்டிக் கிடந்தால் ‘இடம் திறக்கப்படவில்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட வாய்ப்பு உண்டு. சாவியோடு ஒருவர் ஐந்து நிமிஷத்தில் வந்து சேரும்படி ஏற்பாடு வையுங்கள், அவர் எண்ணைக் கதவிலேயே ஒட்டுங்கள். தீயணைப்பான்களையும் மணல் வாளிகளையும் ஆய்வுக்கு முன்பே வைத்துவிடுவது நல்லது. ‘உரிமம் வந்ததும் வாங்கிவிடுவேன்’ என்பதை அறிக்கையில் எழுத முடியாது அல்லவா.

ஆய்வில் குறை சொன்னால் வாதம் பண்ணாமல் அன்றே சரிசெய்து, சரிசெய்ததை எழுத்தில் கொடுங்கள். மேல்முறையீடு சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது முடிவதற்குள் தீபாவளி முடிந்துவிடும்.

உரிமம் எல்இ-5 படிவத்தில் வரும். வந்ததும் மூன்று விஷயம் படியுங்கள்: இடத்தின் முகவரி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை கிலோ. மாவட்ட அளவில் தரும் கடை உரிமத்தின் வழக்கமான உச்சவரம்பு, பட்டாசு வகைகள் 100 கிலோ, பிஜிலி, ஓலைவெடி போன்ற சிறு வெடிகளும் கம்பி மத்தாப்பும் 500 கிலோ. உங்கள் காகிதத்தில் குறைவாக எழுதியிருந்தால் அதுதான் உங்களுக்குச் சட்டம்.

இன்னொருவர் பெயரில் உள்ள உரிமத்தைப் ‘பதினைந்து நாளைக்குத் தருகிறேன்’ என்று விலை பேசுவார்கள். வாங்காதீர்கள். உரிமம் அந்த ஆளுக்கும் அந்த முகவரிக்கும்தான். விபத்து என்று வந்தால் உள்ளே போவது நீங்கள் இருவரும்.

5. கொட்டகை, விளக்கு, நெருப்பு

தகரக் கொட்டகை போட்டுவிட்டு, பார்க்க நன்றாக இல்லை என்று உள்ளே பந்தல் துணியைச் சுற்றிக் கட்டுவார்கள். அத்தோடு தீப்பிடிக்காத கொட்டகை என்பது போயிற்று. தென்னங்கீற்று, தார்ப்பாய், தெர்மாகோல் அலங்காரம் எதுவும் வேண்டாம். வெறும் தகரமே அழகு.

மின்விளக்கைச் சுவரிலோ கூரையிலோ பொருத்த வேண்டும். ஒயரில் தொங்கவிடக் கூடாது. சுவிட்சும் ஆடாமல் சுவரில் இறுக்கியிருக்க வேண்டும். கொட்டகை வரிசை ஒவ்வொன்றுக்கும் ஒரு மெயின் சுவிட்ச். தொங்கும் பல்பு காற்றில் ஆடி, இணைப்பு தளர்ந்து, பொறி தட்டும். கீழே இருப்பது வெடிமருந்து. வாசலில் கட்டுகிற சீரியல் லைட் இதே காரணத்துக்காகத்தான் ஆபத்து, அதுவும் தீபாவளிக்குத் தீபாவளி மழை பெய்கிற நம் ஊரில். எண்ணெய் விளக்கு, கேஸ் விளக்கு, திறந்த சுடர் எதுவும் கொட்டகைக்குள்ளும் பாதுகாப்பு எல்லைக்குள்ளும் கூடாது.

கடை திறப்புப் பூஜையை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். ஊதுபத்தி, கற்பூரம், பூசணிக்காய்மேல் கற்பூரம் வைத்து வாசலில் சுற்றிப் போடுவது என்று எல்லாம் சரக்கு அடுக்கியபின் நல்ல நேரம் பார்த்து நடக்கும். அட்டைப்பெட்டிகளுக்கு ஒரு கை தூரத்தில் கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும், யாருக்கும் உறைக்காது. பூஜையைச் சரக்கு வருவதற்கு முந்தின நாள் காலிக் கடையில் முடித்துவிடுங்கள். அப்புறம் தினமும் சாமிக்கு விளக்கு வீட்டில் ஏற்றினால் போதும்.

செல்போன் சார்ஜர், யுபிஐ ஒலிப்பெட்டி, பில் மெஷின், இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் சரக்குக்குப் பக்கத்திலிருந்து விலகியே இருக்கட்டும். பணம் வாங்கும் மேஜையைக் கடைக்கு வெளியே, ஓரமாகப் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும், கூட்டமும் உள்ளே முட்டாது.

தீயணைப்பானை வாங்கி மாட்டிவிட்டால் ஆயிற்றா? நிரப்பிய தேதி தாளில் இருக்கிறதா, முள் பச்சையில் நிற்கிறதா, கடையில் வேலை பார்க்கும் பையனுக்குப் பின்னை எடுத்து அழுத்தத் தெரியுமா என்று பாருங்கள். அதோடு தண்ணீர் டிரம், மணல் வாளி. மணல் வாளி இரண்டாம் நாளே வெற்றிலை எச்சில் துப்பும் இடமாகிவிடும். மூடி போட்டு வையுங்கள்.

6. சரக்கு: எதை வாங்கலாம், எதைத் தொடக் கூடாது

இப்போதுதான் சிவகாசி. உரிம நகல் இல்லாமல் சரக்குப் போடுகிறேன் என்று ஒரு வியாபாரி சொன்னால் அவரிடம் வாங்காதீர்கள். உங்கள் உரிமத்தைக் கேட்காதவர் தன் உரிமத்தையும் மதிக்காதவராகத்தான் இருப்பார். ஆஃப் சீசன் தள்ளுபடி என்று ஆடியிலேயே ஆசை காட்டுவார்கள். அப்போது வாங்கினால் உரிமம் வரும்வரை எங்கே வைப்பீர்கள்? வீட்டில் வைத்தால் அது பதுக்கல்.

உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் பிறப்பித்த உத்தரவும், 2021-இல் மறுபடி அழுத்திச் சொன்னதும்தான் இன்றைய வரம்பு. விற்கக்கூடியது பசுமைப் பட்டாசு, அதாவது வழக்கமானதைவிட மாசு குறைவாக வரும்படி செய்தது. பேரியம் உப்பு கலந்தது கூடாது. சரவெடி வகை, அதாவது ஒன்றோடு ஒன்று கோத்த வெடி, கூடாது. இணையவழி விற்பனை கூடாது. இவற்றோடு, வெளிநாட்டிலிருந்து கடத்திவரும் சீனப் பட்டாசு வைத்திருந்தாலே வழக்கு.

சரவெடி விஷயத்தில் புதியவர்கள் கேட்பது ஒன்றே: ‘எல்லாக் கடையிலும் தொங்குதே?’ தொங்குகிறதுதான். பக்கத்துக் கடையில் தொங்குவது உங்களுக்கு உரிமமாகாது. சோதனை என்று வந்தால் சரம்தான் தூரத்திலிருந்தே தெரியும், முதலில் எடுப்பதும் அதைத்தான். வாடிக்கையாளர் ஆயிரம் வாலா கேட்டுத் திரும்பிப் போவார், போகட்டும்.

பேரியத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பச்சை நிற ஒளிக்கு மட்டுமல்லாமல் மத்தாப்பு, புஸ்வாணம் வகைகளிலும் பேரியம் நைட்ரேட் சேர்க்கும் வழக்கம் இருந்தது. அதனால் பெட்டியைப் பாருங்கள்: தயாரிப்பாளர் பெயர், உரிம எண், எடை, தயாரித்த மாதம், மத்திய அரசின் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமான நீரியின் பசுமைப் பட்டாசு முத்திரை, கியூஆர் குறியீடு. முத்திரையைப் போலியாக அச்சடிப்பவர்களும் உண்டு என்பதால் கியூஆரை ஸ்கேன் செய்து, பெட்டியில் உள்ள பெயரே வருகிறதா என்று பாருங்கள். பெயரில்லாத லோக்கல் பெட்டி என்ன விலையானாலும் வேண்டாம். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டும் வெடிகளைத் தயாரிக்கவும் விற்கவும் தடை என்பதும் 1999 முதல் இருக்கிறது.

வாங்கும்போது ரூபாய்க் கணக்கில் யோசிக்காமல் கிலோக் கணக்கில் யோசியுங்கள். இது எல்லோரும் சறுக்குகிற இடம். ‘இரண்டு லட்சத்துக்குச் சரக்கு’ என்று ஆர்டர் கொடுப்பார்கள். எவ்வளவு எடை என்று கேட்டால் தெரியாது. கம்பி மத்தாப்பு உள்ளே இரும்புக் கம்பி இருப்பதால் விலைக்குக் கனம் அதிகம். பேன்சி ஷாட் வகைகளுக்கு விலை அதிகம், 100 கிலோ வரம்பைச் சீக்கிரம் நிரப்புவதும் அவைதான். ஆர்டர் தாளில் ஒவ்வொரு வகைக்கும் எதிரே எடையை எழுதிக் கூட்டிப் பாருங்கள். வரம்பை மீறினால் இரண்டு தவணையாக வரவழையுங்கள். முதல் தவணை விற்றபின் இரண்டாவது வரட்டும்.

பில் இல்லாத சரக்கு வேண்டாம். பட்டாசுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதை மிச்சம் பிடிக்கலாம் என்று துண்டுச் சீட்டில் வாங்கினால், சோதனையின்போது இது உரிமம் பெற்ற இடத்தில் வாங்கியது என்று நிரூபிக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

7. சரக்கு வந்து இறங்கும்போது

2023 அக்டோபர் 7 அன்று ஓசூரை அடுத்த அத்திப்பள்ளியில், கர்நாடக எல்லைக்குள் இருந்த ஒரு பட்டாசுக் கடையில், லாரியிலிருந்து சரக்கு இறக்கும் நேரத்தில் தீப்பிடித்தது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் சீசன் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து போன இளைஞர்கள். இறக்கும் நேரத்தில் சரக்கு முழுவதும் ஒரே இடத்தில் குவிந்திருக்கும், ஆட்கள் நடுவில் நிற்பார்கள், வெளியேறும் வழியைப் பெட்டிகளே அடைத்திருக்கும். கடையின் மொத்த நாட்களிலும் மோசமான நேரம் அதுதான்.

பகல் வெளிச்சத்தில் இறக்குங்கள். வண்டியின் இன்ஜின் நிற்கட்டும். பீடி, சிகரெட், தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் சுமைதூக்குபவர்களிடமிருந்து முதலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். ‘பிடிக்காதீர்கள்’ என்று சொல்வது மட்டும் போதாது. பெட்டியை எறியாமல், இழுக்காமல் கைமாற்றி வையுங்கள், உராய்வே போதும் பற்றுவதற்கு. பின் வழியில் ஒரு பெட்டிகூட அடுக்கக் கூடாது. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பையன்களை இந்த வேலையில் நிறுத்தவே வேண்டாம்.

பஸ்ஸிலும் ரயிலிலும் பட்டாசு கொண்டுவருவது தடை. ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவில் மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது ரூ.1000 வரை அபராதம், அல்லது இரண்டும். ‘ஒரே ஒரு பை’ என்று கொண்டுவருபவர்கள்தான் அகப்படுகிறார்கள். வாங்கிப் போகிற வாடிக்கையாளருக்கும் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

8. விற்கும் நாட்கள்

உரிமத்தை வாசலில் தெரியும்படி மாட்டுங்கள். இருப்புப் பதிவேட்டைத் தினமும் இரவு பூட்டும்முன் எழுதுங்கள். நாலு நாள் கழித்து நினைவிலிருந்து எழுதியது பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

‘ஒண்ணு வெடிச்சுக் காட்டுங்கண்ணே’ என்று கேட்பார்கள். கடையிலிருந்து 50 மீட்டருக்குள் வெடித்துக் காட்டக் கூடாது. அதைவிடத் தொல்லை, வாங்கிய கையோடு வாசலிலேயே பையன்கள் கொளுத்துவது. அதற்கென்றே ஓர் ஆளை வெளியே நிறுத்துங்கள்.

வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் அனுப்பி, பணத்தை ஆன்லைனில் வாங்கி, பார்சலில் அனுப்புவது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. கடை உரிமம் கடையில் விற்கத்தான். கூரியரில் பட்டாசு அனுப்புவது உங்களையும் தெரியாமல் ஏற்றிவருகிற டிரைவரையும் சேர்த்து மாட்டிவிடும்.

வெடிக்கும் நேரம் வாடிக்கையாளர் பாடு என்றாலும் கேள்வி உங்களிடம்தான் வரும். 2018 முதல் தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று அரசு அறிவித்துவருகிறது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் போன்ற அமைதிப் பகுதிகளில் 100 மீட்டருக்குள் வெடி கூடாது. ஒரு போர்டில் எழுதி வையுங்கள்.

9. சோதனைக்கு வந்தால்

வட்டாட்சியர், போலீஸ், தீயணைப்பு, சில சமயம் பெசோ என யாரும் வரலாம். உரிமம், வரைபட நகல், கொள்முதல் பில்கள், இருப்புப் பதிவேடு நான்கும் ஒரே ஃபைலில், கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். முதலாளி இல்லாத நேரத்தில் ஃபைல் எங்கே என்று தெரியாமல் பையன் முழிப்பதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். எதையாவது கைப்பற்றினால் என்ன, எவ்வளவு என்று எழுதிய நகலைக் கேட்டு வாங்குங்கள்.

உரிமம் இல்லாமலோ நிபந்தனையை மீறியோ வைத்திருந்தால், விற்றால், வண்டியில் கொண்டுபோனால் வெடிபொருள் சட்டத்தின் 9பி பிரிவு பாயும்: இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது ரூ.3000 வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத் தொகையைப் பார்த்து ‘இவ்வளவுதானா’ என்பார்கள். சரக்கு முழுவதும் போவதும், அடுத்த வருஷ மனு அடிபடுவதும் அதில் எழுதியிருக்காது. அஜாக்கிரதையாகக் கையாண்டு ஆபத்து உண்டாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 288-ஆம் பிரிவும் சேரும்.

விபத்து நடந்தால் முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள், பிறகு 101 அல்லது 112. சரக்கைக் காப்பாற்ற யாரும் திரும்ப உள்ளே போகக் கூடாது. பக்கத்துக் காவல் நிலையத்துக்கும் வெடிபொருள் துறைக்கும் உடனே தகவல் கொடுப்பது வெடிபொருள் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி கடமை; சின்னத் தீதானே, அணைத்துவிட்டோமே என்று மறைப்பது தனிக் குற்றம்.

10. மிச்சச் சரக்கு

மழை பெய்தால் மிஞ்சும். மிஞ்சியதை வீட்டுப் பரணில் ஏற்றி, கார்த்திகைக்கும் பொங்கலுக்கும் விற்கலாம் என்று வைப்பதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நடக்கிற, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத தப்பு. உரிமத்தில் உள்ள கடைசித் தேதியோடு உங்கள் அனுமதி தீர்ந்தது. மறுநாள் அதே பெட்டி உரிமமில்லாச் சரக்கு. நனைந்து காய்ந்த பட்டாசு எப்படி நடந்துகொள்ளும் என்றும் சொல்ல முடியாது.

திருப்பி எடுத்துக்கொள்வீர்களா, எந்த விலைக்கு என்பதைச் சரக்கு வாங்கும் அன்றே மொத்த வியாபாரியிடம் பேசி, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். சிலர் பிரிக்காத கேஸ்களை, அதாவது மொத்தப் பெட்டிகளை மட்டும் எடுப்பார்கள். அதனால் ஒரு வகையில் ஒரு கேஸ் தீர்ந்தபிறகு அடுத்ததைப் பிரியுங்கள். அலமாரி நிறைந்து தெரிய வேண்டும் என்று எல்லாவற்றையும் பிரித்துவைத்தால் ஒன்றும் திரும்பாது. அவர் எடுக்காவிட்டால் உள்ளூரில் நிரந்தர உரிமம் உள்ள கடைக்காரரிடம் கொடுங்கள், அடிமாட்டு விலை சொல்வார், கொடுத்துவிடுங்கள். நனைந்ததையும் உடைந்ததையும் குப்பையில் போடவோ கொளுத்தவோ வேண்டாம். தீயணைப்பு நிலையத்தில் கேட்டு அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

திருப்பியதற்கு ரசீது வாங்கி, பதிவேட்டில் இருப்பு பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்த ஃபைலைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த வருஷ மனுவோடு போன வருஷ உரிமத்தின் நகலைக் கேட்பார்கள்.